கனமானதை முதலில் தூக்குங்கள்: சூழலுக்கு இசைந்த அன்றாடப் பழக்கங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சூழலுக்கு இசைவாக வாழ வேண்டும் என்று முடிவெடுத்தவுடன் பலரும் செய்யும் முதல் காரியம், எதையாவது வாங்குவதுதான். மூங்கில் பிரஷ், எஃகு ஸ்ட்ரா, வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள், துணிப்பை நான்கு. கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால் ஜாடிகள் அலமாரியில் அழகாக இருக்கும். மின்கட்டணமும் குப்பைத் தொட்டியும் பழையபடியே இருக்கும்.

அதனால் இந்த வழிகாட்டியில் வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியல் கிடையாது. ஒரு வீட்டின் சூழல் சுமையில் பெரும்பங்கு நான்கு இடங்களில் இருக்கிறது: சூடாக்குவதும் குளிர வைப்பதும், சாப்பாடு, போக்குவரத்து, நாம் வாங்கிக் குவிக்கும் பொருள்கள். ஸ்ட்ராவுக்கு இந்த நான்கிலும் பெரிய இடம் இல்லை.

செத் வைன்ஸ், கிம்பர்லி நிக்கோலஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2017-ல் தனிமனிதப் பழக்கங்களை அளவுப்படி வரிசைப்படுத்திப் பார்த்தார்கள். வளர்ந்த நாடுகளை வைத்துப் போட்ட கணக்கு அது. கார் இல்லாமல் வாழ்ந்தால் ஆண்டுக்கு சுமார் 2.4 டன் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. அட்லாண்டிக்கைத் தாண்டிப் போய்வரும் ஒரே ஒரு விமானப் பயணத்தைத் தவிர்த்தால் 1.6 டன். தாவர உணவுக்கு மாறினால் 0.8 டன். வீட்டுக் குப்பையை ஒழுங்காக மறுசுழற்சிக்குக் கொடுப்பதால் குறைவது இந்த 0.8 டன்னில் ஏறத்தாழ கால் பங்குதான். மறுசுழற்சி வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. நம் கவனமும் பொறுமையும் ஓர் அளவுக்குத்தான் உண்டு; அதைப் பெரிய இடத்தில் முதலில் செலவழித்தால் நல்லது.

படி 1: ஒரு வாரம் எதையும் மாற்றாமல் பாருங்கள்

ஒரு நோட்டுப் புத்தகமோ போனில் ஒரு குறிப்போ போதும். ஞாயிறு காலை மின் மீட்டரில் உள்ள எண்ணை எழுதுங்கள். தண்ணீர் மீட்டர் இருந்தால் அதையும் எழுதுங்கள். அடுத்த ஞாயிறு அதே நேரத்தில் மறுபடியும். இடையில் குப்பையை வெளியே வைக்கும் ஒவ்வொரு முறையும் பையைத் தூக்கிப் பார்த்து, எதனால் நிறைந்திருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள்: காய்கறித் தோலா, மிஞ்சிய சாப்பாடா, பொட்டலக் கவர்களா. வண்டியில் போன இடங்களையும் தூரத்தையும் குறியுங்கள்.

இந்த வாரத்தில் யாரையும் திருத்த வேண்டாம். வீட்டில் யாராவது லைட்டை அணைக்க மறந்தால்கூட ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடுங்கள். நல்ல பிள்ளையாக நடந்துகொண்ட வாரத்தின் கணக்கு எதற்கும் உதவாது. வழக்கமான வாரத்தின் கணக்குதான் வேண்டும்.

மீட்டரில் ஓடும் ஒரு யூனிட் என்பது 1,000 வாட் கருவி ஒன்று ஒரு மணி நேரம் ஓடினால் ஆகும் செலவு. இதை மனதில் வைத்துக்கொண்டால் வீட்டில் உள்ள எந்தக் கருவியின் கணக்கையும் நீங்களே போடலாம். கருவியின் பின்னால் ஒட்டியிருக்கும் தகட்டில் வாட் எண் இருக்கும். அதை மணி நேரத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க வேண்டும். ஃபிரிட்ஜ், ஏசி போல விட்டுவிட்டு ஓடும் கருவிகளுக்கு மட்டும் இந்தக் கணக்கு உண்மைச் செலவைவிடக் கூடுதலாகக் காட்டும்.

படி 2: வெப்பத்தைப் பிடியுங்கள்

லைட்டை அணை, லைட்டை அணை என்று சொல்லிச் சொல்லியே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. குண்டு பல்பு காலத்தில் அது நியாயம். 60 வாட் குண்டு பல்பு தரும் வெளிச்சத்தை இன்று 9 வாட் எல்இடி தந்துவிடுகிறது. மின்சாரத்தை விழுங்குவது இப்போது வேறு இடம்.

ஒரு வாளி, அதாவது 15 லிட்டர் குளிக்கும் தண்ணீரை 20 டிகிரி செல்சியஸ் மட்டும் சூடேற்றக் கிட்டத்தட்ட 0.35 யூனிட் ஆகிறது. அதே 0.35 யூனிட்டில் ஒரு 9 வாட் எல்இடி பல்பு 38 மணி நேரத்துக்கு மேல் எரியும். வராந்தா லைட்டை அணைக்க மறந்தவரைத் திட்டிவிட்டு, நிரம்ப நிரம்ப வெந்நீரில் குளிப்பவர் எதைச் சேமித்தார் என்று யோசித்துப் பாருங்கள்.

வெந்நீரில் செய்ய வேண்டியவை எளிமையானவை. ஹீட்டரின் வெப்பநிலையை அதன் உச்சத்தில் வைத்துவிட்டுப் பிறகு பச்சைத் தண்ணீர் கலந்து ஆற்றிக் குளிப்பது வீண். தொட்டி உள்ள ஹீட்டரை 60 டிகிரியில் வைத்தால் போதும். அதற்கும் கீழே நிரந்தரமாக இறக்கி வைத்தால் தொட்டிக்குள் லெஜியோனெல்லா போன்ற பாக்டீரியாக்கள் வளர வாய்ப்பு உண்டு. ஆகவே சிக்கனத்துக்கு அங்கே ஓர் எல்லை இருக்கிறது. குளிக்கப் போகும்முன் போட்டு, சூடானதும் அணைத்துவிடுங்கள். நாள் முழுக்க ஓடவிட்டால் தொட்டி ஆற ஆற அது மறுபடி மறுபடி சூடாக்கிக்கொண்டே இருக்கும்.

துணி துவைக்கும் மெஷினிலும் கதை இதுதான். வெந்நீர் சலவையில் மோட்டாரைவிடத் தண்ணீரைச் சூடாக்குவதற்கே பெரும்பங்கு மின்சாரம் போகிறது. அன்றாட அழுக்குக்குப் பச்சைத் தண்ணீர் போதும். வெந்நீரை நோயாளியின் துணி, எண்ணெய்ப் பிசுக்கு, குழந்தைத் துணி ஆகியவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மெஷின் நிறைந்த பிறகே போடுங்கள். கொடியில் உலர்த்த இடமிருந்தால் உலர்த்தும் மெஷினைத் தொடவே வேண்டாம்.

அடுப்பில் கவனிக்க வேண்டியது மூடி. கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. கொதித்த பிறகு தீயைக் கூட்டினால் தண்ணீர் 101 டிகிரி ஆகாது. ஆவியாவது மட்டும் வேகமாகும். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப்போல் ஆறு மடங்குக்கும் மேல், அந்த ஒரு லிட்டரை முழுவதும் ஆவியாக்கச் செலவாகும். திறந்த பாத்திரத்தில் தளதளவென்று கொதிக்கும்போது எரிபொருள் போவது அங்கேதான். ஆகவே: கொதிக்கும்வரை பெரிய தீ, கொதித்ததும் மூடி போட்டுச் சிறு தீ. குக்கருக்குள் அழுத்தம் கூடுவதால் நீர் ஏறத்தாழ 120 டிகிரி வரை போகிறது, அதனால் வேகும் நேரம் பாதிக்கும் கீழே வந்துவிடும். ஆவி வரத் தொடங்கியதும் அங்கேயும் தீயைக் குறைக்கலாம். பருப்பு, பயறு வகைகளை முன்கூட்டியே ஊறவைப்பது இன்னொரு பங்கு நேரத்தைக் குறைக்கும்.

குளிர வைப்பதும் வெப்பக் கணக்குதான். ஃபிரிட்ஜ் வருடம் முழுக்க ஓடுவது; அதில் சின்னக் குறை இருந்தாலும் 365 நாளும் செலவு. உள்ளே 3 முதல் 5 டிகிரி, ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரி இருந்தால் சரி. உள்ளே உள்ள திருகில் எழுதிய 1, 2, 3 எல்லாம் டிகிரி அல்ல. ஒரு டம்ளர் தண்ணீருக்குள் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டில் ஓர் இரவு வைத்தால் உண்மை தெரியும். கதவின் ரப்பர் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பரைத் துடைத்துச் சுத்தம் செய்யுங்கள், அப்படியும் பிடிக்காவிட்டால் மாற்றுங்கள். சுவரோடு ஒட்டி வைத்திருந்தால் சற்று முன்னே நகர்த்துங்கள். உள்ளே இருந்து எடுத்த வெப்பத்தை அது பின்பக்கமோ பக்கவாட்டிலோ வெளியே தள்ளியாக வேண்டும்.

ஏசி வைத்திருப்பவர்கள் வெப்பநிலையை 24 முதல் 26-க்குள் வைத்து, கூடவே மின்விசிறியை மெல்ல ஓடவிடலாம். ஒவ்வொரு டிகிரி ஏற்றத்துக்கும் ஏறத்தாழ 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. சாதாரண ஏசியில் 18 என்று வைத்தால் அறை சீக்கிரம் குளிர்ந்துவிடாது. ஏசி நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். மின்விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை, தோலில் உள்ள வியர்வையை ஆற்றி மனிதரைக் குளிர்விக்கிறது. ஆள் இல்லாத அறையில் அது சுற்றுவதால் யாருக்கும் லாபமில்லை.

ஸ்டாண்ட்பை பற்றி ஒரு வார்த்தை. 5 வாட் இழுக்கும் கருவி ஒன்று வருடம் முழுக்கச் செருகியபடியே இருந்தால் 44 யூனிட் ஆகும். டிவி, செட்-டாப் பாக்ஸ், ஸ்பீக்கர் மூன்றையும் சுவிட்ச் உள்ள ஒரே பலகையில் செருகிவிட்டால் இரவில் ஒரு தட்டு தட்டினால் போதும். சும்மா செருகிக் கிடக்கும் போன் சார்ஜர் இழுப்பது மிகச் சொற்பம். அதற்காக வீட்டில் சண்டை வேண்டாம்.

படி 3: சாப்பாடு குப்பைக்குப் போகாமல்

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி, 2022-ல் மட்டும் உலகில் 105 கோடி டன் உணவு வீணானது. நுகர்வோருக்குக் கிடைக்கும் உணவில் இது சுமார் 19 சதவீதம். இதில் 60 சதவீதம் ஹோட்டல்களிலோ கடைகளிலோ வீணாகவில்லை, வீடுகளில் வீணானது. வயலில் பாய்ந்த தண்ணீர், உரம், டீசல், குளிர்பதனம், அடுப்புத் தீ எல்லாம் சேர்ந்துதான் தொட்டிக்குள் விழுகிறது. எனக்குத் தெரிந்து, சாப்பாட்டை வீணாக்காமல் இருப்பதுபோல் வீட்டில் யாருக்கும் எந்தக் கஷ்டமும் தராமல் இவ்வளவு பலன் தரும் பழக்கம் வேறில்லை.

கடைக்குப் போகுமுன் ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு போட்டோ எடுங்கள். பட்டியல் எழுதச் சோம்பலாக இருப்பவர்களுக்கும் இது ஒத்துவரும். வீட்டில் இருப்பதையே மறுபடி வாங்குவது அதோடு நின்றுவிடும்.

ஃபிரிட்ஜில் கண்மட்டத் தட்டை, சீக்கிரம் தீர்க்க வேண்டியவற்றுக்கு என்று ஒதுக்குங்கள். வெட்டிய பாதிக் காய், திறந்த பாக்கெட், நேற்றைய மிச்சம் எல்லாம் அங்கே. புதிதாக வாங்கியது பின்னால், பழையது முன்னால். ஒளி ஊடுருவும் டப்பாவில் வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மூடிய எவர்சில்வர் டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று வாரக் கடைசியில்தான் திறந்து பார்ப்போம். எவர்சில்வர்தான் இருக்கிறது என்றால் மேலே ஒரு துண்டுக் காகிதத்தில் தேதி எழுதி ஒட்டுங்கள்.

சமைத்தது ஆறியதும், இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிடுங்கள். பெரிய பாத்திரத்தோடு வைக்காமல் சிறு சிறு டப்பாக்களாகப் பிரித்தால் சீக்கிரம் குளிரும், எடுத்துச் சாப்பிடவும் தோன்றும்.

பாக்கெட்டில் உள்ள தேதியில் இரண்டு வகை உண்டு. ஒன்று, இந்த நாளுக்குள் சாப்பிட்டால் சுவை சிறப்பாக இருக்கும் என்பது. பிஸ்கட், மாவு, பருப்பு போன்ற உலர் பொருள்களில் இருப்பது பெரும்பாலும் இதுதான். தேதி கடந்த மறுநாளே தூக்கி எறியத் தேவையில்லை, பார்த்து முகர்ந்து முடிவுசெய்யலாம். மற்றது, இந்த நாளுக்குப் பிறகு சாப்பிடவே கூடாது என்பது. சீக்கிரம் கெடும் இறைச்சி, மீன் போன்றவற்றில் வரும் இந்தத் தேதியோடு விளையாடக் கூடாது.

எதைச் சாப்பிடுகிறோம் என்பதும் கணக்கில் உண்டு. ஜோசப் பூர், தாமஸ் நெமெசெக் இருவரும் 119 நாடுகளின் சுமார் 38,000 பண்ணைகளின் தரவைத் திரட்டி 2018-ல் வெளியிட்ட ஆய்வில், உணவின் சூழல் சுமையில் போக்குவரத்தின் பங்கு சிறியது என்று தெரிந்தது. எவ்வளவு தொலைவிலிருந்து வந்தது என்பதைவிட என்ன உணவு என்பதுதான் பெரிய விஷயம். மாட்டிறைச்சியும் ஆட்டிறைச்சியும் உச்சியில் இருக்கின்றன, பருப்பு வகைகள் அடியில். அசைபோடும் விலங்குகளின் வயிற்றில் உண்டாகும் மீத்தேனும் மேய்ச்சலுக்காக அழியும் காடும் காரணம். முழுக்க நிறுத்த மனமில்லாதவர்கள் வாரத்தில் எத்தனை வேளை என்பதைக் குறைத்தாலே கணிசமான மாற்றம். விமானத்தில் வரும் மென்மையான பழங்களை மட்டும் விதிவிலக்காக வைத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்குத் தொலைவு உண்மையிலேயே சுமை.

படி 4: மிஞ்சும் தோலை மண்ணாக்குங்கள்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் தோலும் காம்பும் மிஞ்சும். அவை கலப்புக் குப்பையோடு கிடங்குக்குப் போனால் காற்று புகாத அடுக்குக்குள் அழுகி மீத்தேன் ஆகின்றன. 100 ஆண்டுக் கணக்கில் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிட சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். அதே தோல் காற்றோட்டத்தில் மட்கினால் மீத்தேன் பிரச்சினை அநேகமாக வராது.

பலர் இதைத் தொடங்கி நாற்றம் தாங்காமல் கைவிடுகிறார்கள். அநேகமாக எல்லோருக்கும் காரணம் ஒன்றே: உலர்ந்த பொருளைப் போதுமான அளவு போடவில்லை. மட்கவைக்கும் நுண்ணுயிர்களுக்குக் கார்பன் 25 முதல் 30 பங்கும் நைட்ரஜன் 1 பங்கும் தேவை. காய்கறிக் கழிவில் நைட்ரஜன் அதிகம். காய்ந்த இலை, அட்டை, மரத்தூளில் கார்பன் அதிகம். கையளவுக் கணக்கில் சொன்னால், ஒரு பங்கு ஈரக்கழிவுக்கு இரண்டு அல்லது மூன்று பங்கு காய்ந்த இலை.

மூடியுள்ள பழைய வாளி ஒன்றை எடுத்து அடியிலும் பக்கங்களிலும் துளை போடுங்கள். ஒரு தட்டின் மேல் இரண்டு செங்கல் வைத்து அதன்மேல் வாளியை நிறுத்தினால் கசியும் நீர் தட்டில் விழும். அடியில் நான்கு விரற்கடை அளவுக்குக் காய்ந்த இலை. அதன்மேல் அன்றன்றைய தோலைச் சின்னதாக நறுக்கிப் போட்டு, தெரியாதபடி இலையால் மூடுங்கள். மேலே எப்போதும் காய்ந்த பொருள்தான் தெரிய வேண்டும். ஈ வராமல் இருக்க அதுதான் காவல். வாரத்துக்கு இரண்டு முறை ஒரு குச்சியால் கிளறினால் காற்று போகும்.

ஈரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பிடி எடுத்து அழுத்துங்கள். நன்றாகப் பிழிந்த துணிபோல் கைக்கு ஈரமாகத் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்று போதவில்லை: கிளறி, இலையைக் கூட்டுங்கள். மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி வந்தால் நைட்ரஜன் மிகுந்துவிட்டது: மறுபடியும் இலைதான் மருந்து. ஒன்றுமே நடக்காமல் அப்படியே கிடந்தால் காய்ந்துபோயிருக்கிறது: கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். எண்ணெய், இறைச்சி, பால் பொருள்களைப் பழகும்வரை போட வேண்டாம். இரண்டு மூன்று மாதத்தில் அடியில் கறுத்து, பொலபொலவென்று, மண் வாசனையோடு இருப்பது உரம்.

மட்கும் பிளாஸ்டிக் என்று விற்கப்படும் தட்டு, கரண்டி, கப்புகளை இந்த வாளியில் போடாதீர்கள். பிஎல்ஏ வகை (தாவர மாவுச்சத்திலிருந்து செய்யும் பிளாஸ்டிக்), தொழிற்கூட உரக்குவியலின் 58 டிகிரிக்குக் குறையாத தொடர் வெப்பத்தில்தான் ஒழுங்காக மட்கும். வீட்டு வாளியில் அது போட்டபடியே கிடக்கும்.

படி 5: தண்ணீர் ஒழுகும் இடம்

இங்கே பழக்கத்தைவிடப் பழுதுதான் பெரிய எதிரி. சொட்டும் குழாயின் அடியில் ஒரு பாத்திரத்தை வைத்து ஒரு மணி நேரம் கழித்து அளந்து பாருங்கள். 200 மில்லி, அதாவது ஒரு டம்ளர் சேர்ந்திருந்தால் நாளுக்கு 4.8 லிட்டர், வருடத்துக்கு 1,752 லிட்டர். காரணம் பெரும்பாலும் உள்ளே தேய்ந்துபோன ஒரு சிறு வாஷர்.

கழிப்பறை ஃப்ளஷ் டேங்க் சத்தமில்லாமல் ஒழுகும். டேங்கில் சில துளி உணவு நிறத்தைக் கலந்துவிட்டு அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் இருங்கள். கோப்பையில் நிறம் தெரிந்தால் உள்ளே இருக்கும் வால்வு சரியாக மூடவில்லை. வீட்டில் வேறெங்கோ கசிவு இருக்கிறதா என்று பார்க்க, எல்லாக் குழாய்களையும் மூடி மீட்டரைக் குறித்து, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். எண் நகர்ந்திருக்கக் கூடாது.

பிறகு பழக்கம். ஷவர் நிமிடத்துக்கு 8 முதல் 10 லிட்டர் கொட்டும். ஐந்து நிமிடத்தில் 40 லிட்டர் தாண்டிவிடும். அது வெந்நீராகவும் இருந்தால் மின்சாரமும் கூடவே போகிறது. வாளியில் குளிப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.

படி 6: வாங்குவதற்கு முன்னால்

துணிப்பை நல்லது, பிளாஸ்டிக் பை கெட்டது என்று எல்லோருக்கும் மனப்பாடம். டென்மார்க்கின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு 2018-ல் வெளியிட்ட வாழ்நாள் மதிப்பீட்டில் (தயாரிப்பு முதல் குப்பை வரையிலான சுமைக் கணக்கு), சாதாரணப் பருத்திப் பை ஒன்று, கடையில் தரும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையைப் பருவநிலைக் கணக்கில் மட்டும் ஈடுகட்டவே 52 முறை பயன்பட வேண்டும் என்று வந்தது. எல்லாச் சூழல் அளவுகோல்களையும் சேர்த்தால் 7,100 முறை. தெருவிலும் கடலிலும் சேரும் குப்பையை அந்தக் கணக்கு சேர்க்கவில்லை. ஆகவே துணிப்பை தோற்றுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். ஆனால் நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி இலவசமாக வாங்கிவந்த பத்துப் பைகள் கதவின் பின்னால் தொங்கினால் அது சூழல் நேசம் இல்லை. இரண்டு பை போதும். ஒன்றை வண்டியிலேயே வைத்துவிடுங்கள். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பிளாஸ்டிக் பையைக் கிழியும்வரை பயன்படுத்துவதும் நல்ல பழக்கமே.

மறுசுழற்சி பற்றி ஒரு நிதானம் வேண்டும். 2015 வரை உலகில் குப்பையான பிளாஸ்டிக்கில் சுமார் 9 சதவீதம்தான் மறுசுழற்சியானது என்று 2017-ல் ரோலண்ட் கெயர் குழுவினர் கணக்கிட்டார்கள். பொருளின் அடியில் அம்பு முக்கோணத்துக்குள் உள்ள எண், அது எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதைச் சொல்கிறது. மறுசுழற்சிக்கு வாக்குறுதி எதுவும் தரவில்லை. 1, 2 என்ற எண் உள்ள பாட்டில்கள், கேன்களுக்குப் பொதுவாக வாங்க ஆள் உண்டு. தின்பண்டக் கவர் போன்ற பல அடுக்குப் பொட்டலங்களுக்கு அநேகமாக இல்லை. கொடுப்பதைக் கழுவி உலர்த்திக் கொடுங்கள். எண்ணெய் வழியும் ஒரு டப்பா மொத்தக் காகிதக் கட்டையும் கெடுத்துவிடும்.

மின்னணுப் பொருளில் வாழ்நாளை நீட்டுவதுதான் ஒரே பெரிய உத்தி. ஒரு ஸ்மார்ட்போனின் மொத்தச் சுமையில் பெரும்பகுதி, அது உங்கள் கைக்கு வரும்முன்பே தயாரிப்பில் நடந்து முடிந்துவிடுகிறது. நீங்கள் சார்ஜ் போடும் மின்சாரம் அதில் சின்னப் பங்கு. எனவே இரண்டு வருடம் என்பதை நான்காக்கினால் ஆண்டுச் சுமை ஏறத்தாழ பாதியாகும். பேட்டரியை வெயிலிலும் தலையணைக்கு அடியிலும் சூடாக விடாதீர்கள், சார்ஜை 20 சதவீதத்துக்கும் 80 சதவீதத்துக்கும் இடையில் வைத்துக்கொள்ள முயலுங்கள், தளர்ந்தால் பேட்டரியை மட்டும் மாற்றுங்கள். 2022-ல் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. முறையாகச் சேகரிக்கப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதம். பழைய போன், பேட்டரிகளை ஒருபோதும் சாதாரணக் குப்பையில் போடாதீர்கள். லித்தியம் பேட்டரி நசுங்கினால் குப்பை வண்டியிலேயே தீப்பிடிக்கலாம்.

துணிமணிக்கு விதி சிறியது: இருப்பதை அதிக முறை உடுத்துங்கள், பட்டன் அறுந்தால் தையுங்கள். புதிதாக ஒன்று கண்ணில் பட்டால் போனில் குறித்துவைத்து முப்பது நாள் கழித்துப் பாருங்கள். பாதிக்கு மேல் எதற்காகக் குறித்தோம் என்றே நினைவிருக்காது.

படி 7: வண்டிச் சாவியை எடுக்கும் முன்

ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோதான். அது எரிந்தால் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். எடை எப்படிக் கூடியது? பெட்ரோலில் உள்ள ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைச் சேர்த்துக்கொள்கிறது. பத்து லிட்டர் போட்டால் 23 கிலோ வாயுவை வெளியே விடப்போகிறோம் என்று அர்த்தம்.

படி 1-ல் எழுதிய பயணப் பட்டியலை எடுங்கள். இரண்டு கிலோமீட்டருக்குள் உள்ளவற்றை வட்டமிடுங்கள். குளிர்ந்த எஞ்சின் எரிபொருளை அதிகம் குடிக்கும் என்பதால் கிலோமீட்டர் கணக்கில் இவைதான் அதிகச் செலவுள்ள பயணங்கள். இவற்றில் எவை நடை, எவை சைக்கிள் என்று பிரியுங்கள். மீதியில் ஒரே திசையில் உள்ளவற்றை ஒரே சுற்றாகச் சேருங்கள். தினமும் வேலைக்குப் போகும் தூரத்தை வாரத்தில் ஒரு நாள் பஸ்ஸிலோ ரயிலிலோ போய்ப் பாருங்கள். எல்லா நாளும் மாற வேண்டும் என்று தொடங்கினால் முதல் மழையிலேயே கைவிட்டுவிடுவோம். டயர் காற்றை மாதம் ஒருமுறை, டயர் சூடேறுவதற்கு முன் பாருங்கள். விமானம் ஏறுபவர்களுக்கு மேலே உள்ள பழக்கங்கள் பலவற்றை ஒரே டிக்கெட் அழித்துவிடும் என்பது கசப்பான கணக்கு. போகத்தான் வேண்டும் என்றால் இரண்டு பயணங்களை ஒன்றாக்கி நீண்ட நாள் தங்கிவிட்டு வாருங்கள்.

படி 8: ஒன்று ஒன்றாக ஒட்டவையுங்கள்

இவ்வளவையும் திங்கள்கிழமை தொடங்கினால் வியாழனன்று எதுவும் மிஞ்சாது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைக் கவனித்து 2010-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக வரும் பழக்கமாக நடுத்தரக் கணக்கில் 66 நாள் ஆனது. ஆளுக்கும் செயலுக்கும் தகுந்தபடி அது 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. 21 நாள் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதே ஆய்வில் தெரிந்த ஆறுதலான விஷயம், இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் படிவது கெடவில்லை.

புதுப் பழக்கத்தை ஏற்கெனவே செய்யும் ஒன்றின் வாலில் கட்டுங்கள். "மின்சாரத்தைச் சேமிப்பேன்" என்பது தீர்மானம், அது நிற்காது. "இரவு வாசல் கதவைப் பூட்டியதும் டிவி பலகையின் சுவிட்சை அணைப்பேன்" என்பது நிற்கும். "செருப்பு மாட்டும்போது பையை எடுப்பேன்", "சாப்பிட்டு எழுந்ததும் மிச்சத்தைக் கண்மட்டத் தட்டில் வைப்பேன்" என்று நேரமும் இடமும் சேர்த்தே சொல்லுங்கள். உடனிருப்பவர்கள் மேல் இதைத் திணிக்க வேண்டாம். மட்கும் வாளியை அடுப்படிக்குப் பக்கத்திலும் கலப்புக் குப்பைத் தொட்டியை இரண்டு அடி தள்ளியும் வைத்துவிட்டால் சொல்லாமலே பாதி நடக்கும்.

மாதம் ஒருமுறை மீட்டரைக் குறித்து, போன மாதத்தோடு ஒப்பிடாமல் போன வருடத்தின் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். கோடைக்கும் குளிருக்கும் பொருத்தம் பார்ப்பதில் பயனில்லை. எண் ஏறியிருந்தால் முதலில் ஃபிரிட்ஜ் ரப்பர், ஹீட்டர், கசிவு என்று பழுதைத் தேடுங்கள். இறங்கியிருந்தால் மிச்சப்பட்ட பணம் எங்கே போகிறது என்று கவனியுங்கள். நீராவி எஞ்சின் சிக்கனமாக ஆக ஆக நிலக்கரிப் பயன்பாடு கூடித்தான் போனது என்று பொருளியலாளர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் 1865-லேயே சுட்டிக்காட்டினார். எல்இடி போட்ட தைரியத்தில் விளக்குகளை இரட்டிப்பாக்கும் வீடுகளிலும் அதுதான் நடக்கிறது. அந்தப் பணத்தைத் தனியே எடுத்துவைத்து, பழைய ஃபிரிட்ஜோ ஏசியோ ஆயுள் முடியும்போது செலவிடுங்கள். வாங்கும்போது லேபிளில் வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று பாருங்கள், தேவைக்கு மேல் பெரியதை எடுக்காதீர்கள், குளிர்வாயு எது என்று கேளுங்கள். ஏசிகளில் வரும் ஆர்-410ஏ கசிந்தால் கார்பன் டை ஆக்சைடைப்போல் 2,000 மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடிக்கும். ஆர்-32 அதில் மூன்றில் ஒரு பங்கு. ஃபிரிட்ஜில் வரும் ஆர்-600ஏ மிகமிகக் குறைவு. பழையதை எடுத்துப்போகிறவரிடம் வாயுவை முறையாக உறிஞ்சி எடுப்பீர்களா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். குழாயை வெட்டிக் காற்றில் விட்டுவிடுகிறவர் அதிக விலை தந்தாலும் வேண்டாம்.